காய்ச்சல் என்று நான் சொன்னது

தோளில் தோல் கட்டுச் சுமந்து சுமந்து, சும்மா நடக்கும்போதும் தலை சாய்ந்தே நடந்த என் மாமாவுக்கு, உங்கள் ரத்தினம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதக் கை போகிறது, நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் காக்கிச் சட்டை அதே ஆணியில்தான் தொங்குகிறது. துவைத்துத்தான் மாட்டினேன், தோல் வாடை போகவில்லை. பெரியவள் ஐந்தாவது போகிறாள். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. நான் அழவே இல்லை என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் சொல்கிறார். உண்மைதான். வரவில்லை. அடுப்பில் கை சுட்டால்கூட கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது.

இந்தக் கடிதம் தோல் தொழிலாளர் சங்கத்துப் பத்திரிகையில் வரப்போகிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, தோல் பதனிடுகிற எல்லா ஷாப்பிலும் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். நான் மூன்றாவது வரைக்கும் போனவள். எழுத்துப் பிழையை மட்டும் சங்கத்துச் செயலாளர் தேவராஜ் அண்ணன் திருத்திக் கொடுத்தார். ஊர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டும் என்றுதான் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்தப் புண்ணைப் பற்றித்தான், மாமா.

வடக்கேயிருந்து லாரியில் காய்ந்த தோல் வந்தது. மூன்று நாள் நீங்கள் கோடவுனுக்குள் சுமந்தீர்கள். கட்டு அழுத்துகிற இடத்தில், கழுத்தோரம், கொசு கடித்தது போல ஒரு கொப்புளம். மறுநாள் அதன் நடுவில் கரித்துண்டு வைத்தது போலக் கறுத்திருந்தது. வலிக்குதா என்று கேட்டேன்.

“வலிக்கவே இல்லடி. வலிக்காத புண்ணுக்கு இன்னாத்துக்கு வைத்தியம்? சும்மா இரு.”

அதற்கும் மறுநாள் கழுத்து வீங்கித் தலையை நிமிர்த்த முடியவில்லை. அப்போதும் உங்களுக்கு விளையாட்டு. “பாத்தியா, மூட்டை இல்லாமலே தலை சாஞ்சிடுச்சி” என்றீர்கள். நான் இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றினேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்ததும், “தோல் சுமக்கிறவரா?” என்றுதான் முதலில் கேட்டார். “இது மாட்டுக்கு வர்ற அடைப்பான். நோயில செத்த மாட்டோட தோல்லேர்ந்து இவருக்கு வந்திருக்கு. இன்னிக்கே தங்கணும், ஊசி போடணும்.” உங்கள் முகத்தை நான் பார்த்தேன். சாவுக்குப் பயந்த முகம் இல்லை அது. மாட்டுக்கு வருவது என்றார் பாருங்கள், அங்கேதான் முகம் மாறியது. “நாளைக்கு வர்றோம், டாக்டரம்மா” என்று எழுந்துவிட்டீர்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். “இதை ஷாப்புல காட்டுங்க. அவங்க சர்க்காருக்குச் சொல்லியே ஆகணும், சட்டம் இருக்கு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று. “யார்கிட்டயும் சொல்லாத. மாட்டு நோவுன்னு தெரிஞ்சா அவனுங்க வாய்க்கு நாமளே அவல் குடுத்த மாதிரி.”

அவனுங்க யார் என்று எனக்குத் தெரியும். ஊர்த்தெரு முனையில் டீக்கடை. நமக்குத் தனி கிளாஸ். ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தவன் ஒருவன், நீங்கள் கேட்கும்படியே, “மாட்டோட பொழைக்கிறவனுங்க, மாட்டோடவே சாவானுங்க” என்றான். நீங்கள் கிளாஸைத் தரையில் போட்டு உடைத்தீர்கள். மறுநாளும் அதே வழியாகத்தான் வேலைக்குப் போனீர்கள். அன்றைக்கு ஒருநாள்தான் உங்கள் தலை நேராக நிமிர்ந்து நான் பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை முதல் பஸ் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

கிராம முன்சீப் வீட்டு வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஷாப்பு மேஸ்திரியும் வந்திருந்தார். முன்சீப் சாவு எழுதுகிற ரிஜிஸ்தரைப் பிரித்து உங்கள் பெயரைக் கேட்டார். கட்டினவன் பெயரை நான் எப்படிச் சொல்வேன், மேஸ்திரி சொன்னார். “எப்படிம்மா செத்தான்?” என்றார். டாக்டரம்மா சீட்டு என் இடுப்பில்தான் இருந்தது. உங்கள் பஸ் பேச்சு காதில் இருந்தது.

“காய்ச்சலுங்க.”

அவர் எழுதினார். மேஸ்திரி தலையை ஆட்டினார். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

போன மாதம் தேவராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். உங்கள் கழுத்துப் புண் எப்படி இருந்தது என்று தூண்டித் துருவிக் கேட்டார். எதற்கு என்றேன்.

“தங்கச்சி, ஒலகத்து தேசமெல்லாம் சீமையில ஒரு எடத்துல கூடுவாங்க. தோல் வேலை செய்றவனுக்கு இந்த அடைப்பான் வந்தா அது வேலையால வந்த நோவுதான், அதுக்கு நாங்க பொறுப்புன்னு அங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. வெள்ளைக்காரன் காலத்துலயே போட்டது. சொதந்திரம் வந்தப்புறம் நம்மாளுங்களும் அதை ஒத்துக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டியே, இன்னா செஞ்சேன்னு அங்கேர்ந்து கேப்பாங்க. நம்ம சர்க்காரு பதில் எழுதணும்.”

“இன்னா பதில் எழுதுவாங்க, அண்ணா?”

“இந்தப் பக்கம் அந்த நோவுல யாரும் சாகலன்னு.”

“பொய்யா எழுதறாங்க?”

“ரிஜிஸ்தர்ல பாத்துத்தான் எழுதறாங்க” என்றார்.

கடல் தாண்டி ஒரு கேள்வி கிளம்பி வந்திருக்கிறது, மாமா. நம்ம தெரு வரைக்கும் வந்து, முன்சீப் ரிஜிஸ்தரில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, சரி, யாருமில்லை என்று திரும்பிப் போய்விட்டது. அந்தச் சொல் நான் சொன்னது. அந்த யாருமில்லையில் நீங்கள் இருக்கிறீர்கள். அண்ணன் போன பிறகு அரிசி களைந்தேன், உலை வைத்தேன், பிள்ளைகளுக்குத் தலை வாரினேன். மனசில் ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் புண்ணும் இப்படித்தானே, வலிக்கவே இல்லை?

நான் சொன்ன பொய்யால் அவர்கள் தப்பிக்க முடியாது என்கிறார் அண்ணன். எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் அந்த லாரித் தோலைச் சோதிக்க யாரையாவது அனுப்பினார்களா? ஷாப்பைப் பார்க்கச் சர்க்கார் பரிசோதகர் வந்தாரே, ஆபீஸில் உட்கார்ந்து காபி குடித்தாரே, கோடவுன் பக்கம் திரும்பினாரா? சுமக்கிறவன் கழுத்தை ஒருநாள் பார்த்தாரா? என்னிடம் கேட்டது முன்சீப் ஒருவர்தான். அதற்கு நான் பொய் சொன்னேன்.

பேரணாம்பட்டில் ஜைத்தூன் அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரரும் உங்களோடு அதே கோடவுனில் சுமந்தவர், உங்களுக்கு முந்தின வருஷம் போனவர். அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

“அவருக்கும் அதே கருப்புப் புண்ணுதான்டீ. தெரிஞ்சா மையத்தைக் குளிப்பாட்டி அடக்கம் பண்ண ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு பயந்துட்டேன். நானும் காய்ச்சல்னுதான் சொன்னேன்.” தட்டில் இருந்த இலையை எடுத்து மறுபடி சுற்றத் தொடங்கினார். பிறகு, “உனக்கு மானம், எனக்குக் குளிப்பாட்டு. ரெண்டு பேரும் சேந்து சர்க்காருக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்தோம், போ” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாமா. நீங்கள் போன பிறகு அதுதான் முதல் தடவை.

நாங்கள் உண்மையைச் சொல்லப்போவது மேஸ்திரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான் இப்போது அதே ஷாப்பில்தான் தோல் பதனிடும் மரப்பட்டை இடிக்கிறேன். தோல் ஊறும் குழியோரம் என்னை நிறுத்தி, “பேஜார் பண்ணாதம்மா. ஷாப்பை மூடிட்டா நாலு தெரு ஜனம் இன்னா துன்னும்? உனக்கும் வேலை இருக்காது” என்றார். அவர் சொல்வது நடக்கலாம். பட்டையை இடித்தேன். உங்களுக்கு அடுத்து அந்தக் கட்டைச் சுமக்கிறவன் என் எதிரேதான் போய் வந்துகொண்டிருந்தான். அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார்கிட்டயும் சொல்லாத என்றீர்கள். இதுவரை உங்கள் பேச்சை நான் மீறியதில்லை. கோபம் வருமா உங்களுக்கு? வந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்?

வருகிற திங்கட்கிழமை ஜைத்தூன் அக்கா முதல் பஸ்ஸில் வருகிறார். முதலில் நம்ம முன்சீப், பிறகு அவர்கள் ஊரில். அடித்து எழுத முடியாது என்று முன்சீப் சொல்வார். டாக்டரம்மா சீட்டைக் காட்டுவேன். அப்போதும் முடியாது என்றால் தாசில்தாரிடம் போவோம். தேவராஜ் அண்ணன் சீமைக்கு எழுதப்போகிற மனுவில் எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும். அடுத்த தடவை அந்தக் கேள்வி வரும்போது இந்தப் பக்கம் யாருமில்லை என்று எழுத விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

முன்சீப் வீட்டுக்குக் கொல்லைப் பக்கமாகவும் போகலாம். நான் டீக்கடை வழியாகத்தான் போவேன். அதற்குள் அவர்களும் இதைப் படித்திருப்பார்கள். எது வேண்டுமானாலும் பேசட்டும். வாசலில் நின்று, முன்சீப் கேட்டால் இந்தத் தடவை நானே சொல்வேன். முனுசாமி என்று பெயரும் சொல்வேன், அடைப்பான் என்று நோயும் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பெயரை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதிய உங்கள் பெண்டாட்டி,
ரத்தினம்மா