மண்மேட்டில் தெரிந்த பிறை

மந்தாரக்குப்பம்,
புதன்கிழமை

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அத்தா நூருல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. அந்த ஊர்ப் பனியில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், இதை நான் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்னால் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரபஞ்சம் பிறந்த நொடியில் ஈர்ப்பு விசை எழுப்பிய அலையின் தடம், வானத்தின் மிகப் பழைய வெளிச்சத்தில் தெரிகிறது என்று உங்கள் ஆராய்ச்சிக் குழுவில் கட்டுரை போட்டீர்கள், நானும் கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். இப்போது பார்த்தால் அது நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் தூசியின் வேலை, தூசிக்காகக் கழித்தது போதவில்லை, தப்பு என் கணக்கில்தான் என்றாய். கட்டுரை வந்த பத்திரிகைக்குத் தப்பு என்று எழுதினால் என் கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டார்கள், என்ன செய்யட்டும் என்றும் கேட்டாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முதலில் கான்ட்ராக்டில் கையெழுத்து ஆகட்டும், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் சுரங்கக் குவார்ட்டர்சில் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா, உனக்கு எட்டு வயது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு பெருநாள் பிறை பார்க்க மைதானத்துக்குப் பறப்பேன், பின்னாலேயே பக்கத்து வீட்டு ஷரீப் பாய் வருவார். பேரீச்சங்கொட்டையைத் துப்பாமல் வாயில் ஒதுக்கிக்கொண்டு நீ வானத்தை அலசுவாய். அந்தச் சாயங்காலங்களுக்கு இப்போதும் ஏங்குகிறேன் ம்மா. அந்த வருஷம் மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டுக்கு மேலே மெல்லிய கீற்று ஒன்று தெரிந்தது, பிறை என்று விரலை நீட்டினேன், ஷரீப் பாயும் ஆமாம் என்றார். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் நீ மட்டும், அத்தா அது நவுந்துகினே போவுதே, பிறை அப்படிப் போவுமா என்று கேட்டாய். நான் அதட்டினேன். பிறைக்கு இரண்டு சாட்சி போதுமே, மறுநாள் நம் தெருவே பெருநாள் கொண்டாடியது, வெளியூரில் எல்லாம் ஒரு நாள் கழித்துத்தான். அது மண் கொட்டும் இயந்திரத்தின் விளக்கு, தூசிக்குள் வளைந்து தெரிந்திருக்கிறது. அந்த இயந்திரத்திலேயே ஷிப்ட் பார்த்த எனக்கா தெரியாது? படுக்கப் போகும்போதே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு பிரியாணிக்குச் சாமான் வாங்கிவிட்டார்களே, எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டேன். இருபத்துமூன்று வருஷம் இருந்துவிட்டேன்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே என் மகள் சொன்னாள், நான்தான் வாயை அடைத்தேன் என்றும் சொன்னேன். ஷரீப் பாய் தடியை ஊன்றி எழுந்தார். அன்னிக்கு எனக்கும் பிறை ஒண்ணும் தெரியலங்க, நூருல்லா காட்டிக்கினு நிக்கிறாரே, நம்ம கண்ணுதான் மங்கிடுச்சின்னு ஆமான்னுட்டேன் என்றார். யாரும் என்னை அடிக்கவில்லை. விடுபட்ட அந்த ஒரு நோன்பைத் திருப்பிப் பிடியுங்கள் என்றார் இமாம், திங்கட்கிழமை பிடித்தோம். இத்தனை வருஷம் ஒரே வூட்ல இருந்துகினு எங்கிட்டகூடச் சொல்லலியே என்று திட்டிக்கொண்டேதான் உன் அம்மா கஞ்சி காய்ச்சினாள். அன்றைக்குத்தான் எனக்குக் கஞ்சி ருசித்தது.

அதனால் போனில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பத்திரிகைக்கு எழுதிவிடு ம்மா. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பதினொரு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து பெர்மனெண்ட் ஆனவன் நான், அந்தப் பிழைப்பு எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும், மாடி அறை உனக்காகக் காலியாகத்தான் இருக்கிறது.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளையும் தைரியத்தையும் தரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே, ராத்திரி பட்டினி கிடக்காதே. இன்னொன்று, இந்த வருஷம் பிறை பார்க்க என்னை நம்ப மாட்டார்களாம். பொண்ணு வந்தா கூட்டிகினு வாங்க, அது சொன்னா போதும் என்று ஷரீப் பாய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

துஆவுடன்,
உன் அத்தா
நூருல்லா