கவர்னருக்குப் போன நம் ஊர் மனு

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் மருமகன் தோள் எலும்பு முறிந்து கட்டோடு படுத்திருக்கிறார். ஏரியிலிருந்து கடலுக்குப் போகிற முகத்துவாரம் மணல் மூடிப் போச்சு நைனா. போன வாரம் அவர் போன ஃபைபர் படகு மணல் திட்டில் ஏறி, அலை அடித்துக் கவிழ்ந்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிசு. எனக்கு அலுத்துப் போச்சு.

நேற்று ஊர்த் தலைவர் ஏழுமலை அண்ணன் அவரைப் பார்க்க வந்தார். ஊரே சேர்ந்து கலெக்டரிடம் போய் நின்றால் என்ன என்று கேட்டேன். மனுஷன் பதறிப் போனார்.

"இன்னாம்மா இப்டி சொல்ற? மண்ண வாரச் சொல்லி எழுதுன மனுவ உங்க நைனா கவர்னர் கையிலயே குடுத்துருக்காரு. அவரு பாத்துனு இருக்கசொல்ல நாம கீழ போய் நின்னா அவருக்கு இன்னா மரியாதை?"

மூன்று வருஷமாக ஊர் இப்படித்தான் காத்திருக்கிறது. கவர்னர் மாளிகையில் டபேதாராக இருந்து, சிவப்பு டவாலி கட்டி அவருக்கு முன்னால் நடந்த ஆள் கொடுத்த மனுவாயிற்றே!

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பழவேற்காட்டுக் கோட்டையிலேயே ஒரு காலத்தில் டச்சுக்காரக் கவர்னர் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினார். பிறகு இங்கிலீஷ்காரக் கவர்னர் மெட்ராஸில் ராஜா பேரைச் சொல்லி ஆண்டார். சொன்னால் சொன்னதுதான். இப்போது அப்படி இல்லை என்று எனக்குச் சொன்னதே நீதானே? ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டே சொன்னாய்: "பங்களா அதேதான், டவாலியும் அதேதான். அதிகாரம் மட்டும் மந்திரிங்ககிட்ட போயிடுச்சு கண்ணு. அவங்க எழுதி அனுப்புவாங்க, இவரு கையெழுத்து போடுவாரு. மண்ணு வார்றதுலாம் இவரு வேல இல்ல."

எனக்குச் சொன்னதை ஊருக்கு ஏன் சொல்லவில்லை நைனா?

அம்மாவின் பென்ஷனுக்குக் காகிதம் தேடி உன் பெட்டியைக் குடைந்தபோதுதான் அந்த மனுவுக்கு வந்த பதில் கிடைத்தது. நீ மனுவைக் கையில் கொடுக்கவே இல்லை. எல்லோரையும் போலத் தபாலில் போட்டிருக்கிறாய். மாளிகையிலிருந்து ஒரே மாதத்தில் ஒழுங்காகப் பதிலும் வந்திருக்கிறது. இது மாவட்ட நிர்வாகம் பார்க்க வேண்டியது, கலெக்டரிடம் மனு கொடுங்கள் என்று நாலே வரி. அதை மடித்து வைத்துவிட்டு, டீக்கடையில் யார் கேட்டாலும் "ஆவுது, ஆவுது" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாயே, அடப்பாவி நைனா!

ஓய்வு பெற்று வந்த பிறகும் உன்னைப் பார்த்தால் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதையை இழக்க மனசு வரவில்லையா? படித்தபோது வந்த கோபத்தில் உன் படத்துக்குப் பூகூட வைக்கவில்லை.

ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? கடிதம் கையில் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. உன் பேர் கெட்டுவிடுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒரு மாதத்துக்குள்தான் படகு கவிழ்ந்தது. அவர் வலியில் முனகும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதை அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இன்று சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் அந்தக் கடிதத்தை நானே படிக்கப் போகிறேன். திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். முதல் பஸ்ஸில் பொன்னேரி போய் அங்கிருந்து போவேன். ஊர் வந்தால் ஊரோடு, வராவிட்டால் தனியாக.

கூட்டத்தில் உன்னைக் கண்டபடி திட்டுவார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் நைனா. எழுந்து போகவும் மாட்டேன். உன் பங்கையும் என் பங்கையும் சேர்த்து உட்கார்ந்து வாங்கிக்கொள்வேன்.

உனக்குத் தப்பாமல் பிறந்த மகள்,
கலா