உன் அப்பா கொடுத்துவிட்டுப் போன வாக்குகள்

செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னவள் மூன்று பேரும் சுகம்தானே. அவள் பல் விழுந்து சிரிக்கிற போட்டோ வந்தது, அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள். குளிருக்குக் காதை மூடிவிடு, உன்னை மாதிரி ஸ்டைல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டாய், பாஸ்வேர்டை அனுப்பும்மா, மாதக் கடைசியில் கடையை மூடும்போது இன்டர்நெட்டில் இருக்கிற கடைப் பக்கத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று. நான் அனுப்பவில்லை, மறந்துபோயும் அல்ல. போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. பை, பெட்டி ரிப்பேர் கடையில் பாதி கை வேலை, பாதி வாய் வேலை, அந்த வாய் வேலை முழுக்க அவருடையதுதான். நான் மிஷினில் தைப்பேன், ஜிப்புக்கு ரன்னர் மாற்றுவேன், வந்தவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன். மனிதர் மத்தியானம் ஆனால் போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ரிவ்யூ போட்டவர்களுக்கெல்லாம் ஒற்றை விரலால் பதில் எழுதுவார், உனக்குத்தான் தெரியுமே. ஒருவர் நல்ல கடை என்று இரண்டு வார்த்தை போட்டால் இவர் இருபது வரி போடுவார். நான்கு பெட்டி சக்கரத்துக்குக் காத்துக்கிடக்கிறது, இங்கே என்ன வக்கீல் நோட்டீஸா எழுதுகிறீர்கள் என்று நான் கத்துவேன். அவர் போனதும் ஆள் வரத்தே நின்றுபோயிற்று. அதனால்தான் கடையை மூடிவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன், நீயும் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கித் திரைகூட மாட்டிவிட்டாய்.

போன மாதம் ஒருநாள் கடையின் பின்கதவை யாரோ தட்டினார்கள். பின்பக்கம் குப்பைத்தொட்டி நிற்கிற சந்து, அங்கே யார் வரப்போகிறார்கள். பூனையாக்கும் என்று திறந்தால் ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும், ஒரு கையில் ஊன்றுகோல், தோளில் ஜிப் வாய் பிளந்த பை. தட்டினா நாற்காலி கொண்டு வந்து போடுவீங்களாமே என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்றால், போனில் ஏஐ சொல்லிற்றாம். என்னால் படி ஏற முடியாது, ஜிப் மாற்றப் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறாள். முன்னெல்லாம் பத்துக் கடைப் பெயர் வரிசையாக வரும், நாம்தான் ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். இது அப்படி இல்லையம்மா. நம் கடையைச் சொல்லி, முன்னால் நான்கு படி இருக்கிறது, பின்வாசலில் படி கிடையாது, தட்டினால் நாற்காலி கொண்டு வருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி மாதிரி சொல்லியிருக்கிறது. போனை நீட்டிக் காட்டினாள், அப்படியே இருந்தது. நான் உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து போட்டேன்.

அவள் போனபிறகு நம் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவருக்கு அப்பா எழுதியது கிடைத்தது. ஐயா, அடுத்த தடவை படி ஏறிக் கஷ்டப்படாதீங்க, பின்பக்கம் வந்து தட்டுங்க, நான் நாற்காலியோட வர்றேன் என்று. எத்தனையோ ரிவ்யூவுக்கு அடியில் கிடந்தது. கூடவே உட்கார்ந்திருந்த நான் ஒருநாளும் அதைப் படித்ததில்லை, எங்கேயோ இருக்கிற ஒரு யந்திரம் அதைப் படித்து, மனதில் வைத்திருந்து, யாருக்குத் தேவையோ அவளிடம் சரியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. உன் அப்பா போகிற வருகிறவருக்கெல்லாம் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறார், அந்த ஏஐ ஒன்று விடாமல் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு நர்ஸுக்கு, டியூட்டி முடிந்து போகிற வழியில் ஏழு மணிக்கே வாங்க, ஷட்டர் பாதி திறந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார், இப்போது காலையில் பல் தேய்ப்பதற்குள் இரண்டு பேர் ஷட்டரைத் தட்டுகிறார்கள். இன்னொருவருக்கு விளையாட்டாக, நாலு சக்கரமும் போன பெட்டியைக் கொண்டு வந்தால் டீ நம்ம கடையில் என்று எழுதப்போக, போன வாரம் ஓர் ஆள் அப்படியொரு பெட்டியை இழுத்துவந்து வைத்துவிட்டு டீக்கு உட்கார்ந்தே விட்டான். எது கிண்டல் எது நிஜம் என்று அதற்குப் பிடிபடவில்லை பார். என்ன செய்ய, போட்டுக் கொடுத்தேன். எதிர் மருந்துக்கடைக்காரர் வந்து, யாரைப் பிடிச்சீங்க, எங்க கடையை அது சொல்லவே மாட்டேங்குதே என்கிறார். அவர் பக்கத்தில் விலாசத்தைத் தவிர ஒரு வரி கிடையாது, அது எதை வைத்துச் சொல்லும். கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. அந்த ஐயா இல்லையா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள், அவர் இல்லை என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊன்றுகோல் அம்மாள் ரிவ்யூ போட்டிருந்தாள். அடுத்த வருஷம் மகனைப் பார்க்கப் பயணம் இருக்கிறது, பெட்டிச் சக்கரம் பார்க்க வருவேன், கடை இருக்கும்தானே என்று முடித்திருந்தாள். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டித் தட்டி, இருக்கும், பின்பக்கம் வந்து தட்டுங்க, நான் நாற்காலியோட வர்றேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகுதான் உனக்குச் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. என்மேல் வருத்தப்படாதே கண்ணு. திரையைக் கழற்ற வேண்டாம், சின்னவளுக்கு லீவு விடும்போது வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. மறுபடியும் சொல்கிறேன், அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தைத் தொடக்கூடாது. அந்த டீ வரியை மட்டும் எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன், வேண்டாம், அதுவும் இருக்கட்டும். நேற்று நானே ஏஐ-யிடம் கேட்டுப் பார்த்தேன், அந்தப் பை ரிப்பேர் கடை அடுத்த வருஷம் இருக்குமா என்று. இருக்கும், கடைக்காரர் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கடைக்காரர்.