வாசல் பக்கம் திருப்பிப் போட்ட மேசை

புரட்டாசி, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மழை இருட்டிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

சனிக்கிழமைப் பேச்சுக்கு வேலை: மைக் செட் மணிக்கு போன். சுண்டலுக்குக் கடலை. கேட் ஓரக் கரும்பலகையில் "அனுமதி இலவசம், அனைவரும் வருக". ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள்.

மாதம் ஒரு பேச்சு. பண்பாடு, சமூக நீதி என்று நான் ஆரம்பித்தபோது, "பள்ளிக்கூடத்துல எதுக்குங்க மேடம் இதெல்லாம்?" என்றார் பெற்றோர் சங்கத் தலைவர். இப்போது மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். தலைமையாசிரியையான எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்திருக்கிறது. இருக்கட்டும்.

இந்த மாதம் பேசுவது எங்கள் கலா! இங்கேயே படித்தவள். காலனித் தெருப் பெண், இன்று தஞ்சாவூரில் வக்கீல். தலைப்பு: யார் எங்கே நிற்கிறார்கள்.

வியாழன்

கலாவின் அம்மா பாக்கியத்தை நடவு வயலில் போய்ப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு.

"சனிக்கிழமை முன்னாடி வந்து உக்காரணும், பாக்கியம்மா."

"வராம இருப்பேனா டீச்சர்? எப்பவும்போல வெளியில நின்னு கேட்டுக்குறேன்."

காலனி ஆட்கள் மாதாமாதம் வருகிறார்கள். ஆனால் காம்பவுண்டு சுவருக்கு வெளியே, ரோட்டில். காரணம் கேட்டேன்.

"முன்னாடி தலைவர் வூட்டு சோபா கெடக்கும். அவரு வயல்ல நட்டுட்டு, அவரு பக்கத்துல எப்படி டீச்சர் நாற்காலி போட்டு உக்கார்றது? பழக்கமில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தச் சுவர் ஆள் உயரம். நின்றால் குரல் கேட்கும், முகம் தெரியாது.

வெள்ளி

சாயங்காலம் ஒரு தூறல். கலாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"நானும் கெஞ்சிப் பாத்துட்டேன் மிஸ். கோர்ட்டுக்கு வந்தப்பகூட வெளியில வேப்பமரத்தடியிலயே நின்னுட்டாங்க. நான் பேசி எங்கம்மா ஒரு தடவகூட பாத்ததில்ல."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். வக்கீலாம்! எனக்கு வந்த கோபத்துக்கு, சுவரையே இடித்திருப்பேன். நம் கையில் இருப்பது பேச்சாளர் மேசைதான்.

சனி

வெயில். நல்லவேளை.

மணி வழக்கம்போல் மேசையை மேடையில் போட்டிருந்தார். தூக்கிக் கேட்டில் போடச் சொன்னேன்.

"கேட்லயா மேடம்?"

"ஆமா. ரெண்டு கதவையும் திறந்து விடுங்க. ரோட்ல நிக்கிறவங்களுக்குத் தெரியணும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் செய்தார். மேசையைச் சுற்றி உள்ளே பாதி நாற்காலி, ரோட்டோரமாகப் பாதி. மேடைக்கு முன்னால் சோபா மட்டும் தனியாக.

தலைவர் வந்ததும், "என்னங்க மேடம், சோபா எங்கயோ, பேச்சு எங்கயோ?"

"இன்னிக்கு இதுதாங்க முன்வரிசை. வாங்க, உக்காருங்க."

முறைத்தார். போய்விடுவார் என்றே நினைத்தேன். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுண்டல் வாசனையோ என்னவோ.

கலா பேசினாள். தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, சுடுகாட்டுக்குப் போகும் பாதை யாருக்கு ரோடு, யாருக்கு வரப்பு. கத்தவில்லை, குழையவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்த பெண்! பெருமை தாங்கவில்லை எனக்கு.

பாக்கியம் ரோட்டில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மகளையே பார்த்தபடி. பக்கத்திலேயே காலி நாற்காலி. உட்காரவில்லை.

கேள்வி நேரம். கை தூக்கியது பாக்கியம்! கலா மைக்கை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டோடு ஒயர் தீர்ந்துபோயிற்று.

"நீட்டி விடட்டுமா மேடம்?" என்றார் மணி.

"நீட்டாதீங்க."

கலாவுக்குப் புரிந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் கேட் வரை வந்து, குனிந்து, செருப்பைக் கழற்றப் போனார்.

"போட்டுக்கிட்டே வாம்மா" என்றாள் கலா.

வந்தார். மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என் பேரு பாக்கியம். கேள்வியெல்லாம் ஒண்ணுமில்ல. இவ்வளவு நேரம் பேசுனது எம் பொண்ணு."

கைதட்டல் அடங்கவில்லை. நான் அழுதுவிட்டேன், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல். பாக்கியம் சுற்றிப் பார்த்தார். உள்ளே தலைவருக்கு அடுத்த நாற்காலிதான் காலி. அதில் போய் உட்கார்ந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, மகளைப் பார்த்துச் சொன்னார்:

"நீ இன்னும் கொஞ்சம் பேசு. உக்காந்து பாக்குறேன்."