பூங்காவுக்கு நான்கு வாசல்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைப் பூங்காவுக்கு அவளை அழைத்து வரச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். படகுச் சவாரி, பட்டம் என்று பட்டியல் வேறு. படித்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதமும் இதைத்தான் எழுதினீர்கள். பத்து மணிக்குப் படகுத்துறை வாசலில் நிற்கச் சொன்னீர்கள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணி வரை நின்றாள். உங்களைத் திட்ட வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அப்பா மேல தப்பில்லம்மா. பார்க் எவ்ளோ பெருசு! வேற வாசல்ல நின்னு நம்மளத் தேடிட்டிருப்பாரு."

நான்கு வாசலுக்கும் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மறுநாள் போனில் நீங்கள் சொன்னது ஒரே வார்த்தை: "மறந்துட்டேன்." அதை இன்னும் அவளிடம் நான் சொல்லவில்லை. உங்கள் மானத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

ஞாயிறன்று நாங்கள் போகத்தான் போகிறோம். நீங்கள் எழுதியதை அவளிடம் சொல்ல மாட்டேன். பத்து மணிக்குப் படகுத்துறைப் பக்கம் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருப்பாள். வந்தால் ஓடி வந்து கட்டிக்கொள்வாள். வராவிட்டால், நீங்கள் வராதது அவளுக்குத் தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா