கீழ்ப்பிடி

2005 பெப்ரவரி 9, புதன்

சுனாமியில் வீடு போய்க் கொட்டில் கட்டுகிறவர்கள் இன்றும் பலகை கேட்டு வந்தார்கள். காலையில் ஒருவர், பின்னேரம் இன்னொருவர். "முற்றம் நிறைய மரம் இரிக்கே காக்கா, பொறகென்ன?" என்கிறார்கள். மரம் இருந்தால் போதுமா? மரம் கிழிக்கும் இந்த வாளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பிடி. குழிக்குக் குறுக்கே கிடத்திய மரத்தின் மேலே ஏறி நின்று கோடு பிசகாமல் இழுக்க நான் இருக்கிறேன். குழிக்குள் நின்று கீழ்ப்பிடியை இழுக்கத் தங்கச்சி ஸைனம்புவின் புருஷன் பளீல் மச்சான் இல்லை.

சுனாமி அன்று போயா, பௌர்ணமி லீவு. கடற்கரை வீட்டில் இருந்தார். கடல் கொண்டு போய்விட்டது. அடக்க மையத்துகூடக் கிடைக்கவில்லை.

"வாற கிழமை பாப்பம்" என்று அனுப்பிவிட்டேன். வருகிற கிழமை மட்டும் என்ன கிழியப் போகிறது?

பெப்ரவரி 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் மௌலவியிடம் தங்கச்சியின் விஷயத்தைக் கேட்டேன். அலை மச்சானை இழுத்துப்போனதைப் பக்கத்து வீட்டு ஜெமீல் கண்ணால் கண்டவன். அவன் சாட்சி சொன்னால் போதுமாம், ஸைனம்பு வெள்ளை உடுத்து, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் விதவையாக இத்தா இருக்கலாம்.

வந்து சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"மையத்தக் காட்டுங்க. அடுத்த நிமிசம் வெள்ள உடுக்கன்."

மையத்துக்கு நான் எங்கே போவேன்? மருதமுனையில் பாதிப்பேருக்கு மையத்து இல்லை. இவளுக்கு மட்டும் கடல் கொண்டுவந்து வாசலில் வைக்குமா? சுபஹ் தொழுததும் கரைக்குப் போய்விடுகிறாள். வெயில் ஏறித்தான் வருகிறாள். மச்சானுக்கென்று ஒரு பீங்கானில் சோறு போட்டு மூடியும் வைக்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது. பிறகு சோறு இறங்குவதில்லை.

பெப்ரவரி 14, திங்கள்

வாளுக்கு அரம் போட்டேன். நேற்றும் போட்டேன். சும்மா கிடக்கும் வாளுக்கு இவ்வளவு கூர் எதற்கு?

பெப்ரவரி 19, சனி

பாண்டிருப்பு அழகரெத்தினம் அண்ணன் மாட்டுவண்டியில் மரம் கொண்டுவந்தார். மரம் தறிக்கிறவர், பழைய பழக்கம்; எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் காக்கா. கடல் ஏறிய வளவுகளில் மாமரமெல்லாம் நின்ற நிலையில் கருகுகிறதாம், இப்போது அவருக்கு அதுதான் வேலை. இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மீராசா காக்கா, ஆள் இல்லாமத்தானே வேல நிக்கிது? நான் கீழ நிக்கட்டா?"

"குழிக்குள்ள உப்புத்தண்ணி நிக்கிது" என்றேன்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். அது காய்ந்து வெடித்துக் கிடந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி றுஸ்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பொய் சொல்றதுக்கும் ஒரு லெச்சணம் வேணும்" என்றாள்.

பெப்ரவரி 27, ஞாயிறு

விளக்கு மங்கிக்கொண்டு வருகிறது. எழுத்து கோணினால் கோணட்டும்.

காலையில் ஜெமீல் ஓடிவந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் ஸைனம்பு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள், இன்னும் உள்ளே போகிறாள். நான் போய் இழுத்து வந்தேன். அடித்தும் விட்டேன் — யா அல்லாஹ், அடிச்சிட்டன், என்ட கையாலயே அடிச்சிட்டன்.

"காலுல சீல மாதிரிப் பட்டிச்சி காக்கா. அவர்ர சாரன் எண்டு நெனச்சன்."

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். கடல் ஒருவரைக் கொண்டுபோனது போதாதா, இன்றிலிருந்தே இத்தா இரு என்று கத்தினேன். அவள் ஈரச் சீலையோடு நேரே குழியடிக்குப் போனாள். வாளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். கை உரசிப் பொக்களிக்காமல் இருக்க மச்சான் தான் உடுத்த பழைய சாரனைக் கிழித்துக் கீழ்ப்பிடியில் சுற்றியிருந்தார். அது அப்படியே இருந்தது.

"இத ஏன் இன்னம் அவுக்கல்ல? அழகரெத்தினம் அண்ணன் கேட்டும் ஏன் குடுக்கல்ல? ஒங்களுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

நான் வாளை எடுத்துச் சுவரில் சாத்தினேன். அவள் விடவில்லை.

"நீங்க ஆள் எடுங்க. நான் இத்தா இருக்கன்."

மார்ச் 1, செவ்வாய்

சரியாகத்தான் கேட்டாள். அதுதான் நெஞ்சில் குத்துகிறது.

மார்ச் 5, சனி

பாண்டிருப்புக்குப் போனேன். அழகரெத்தினம் அண்ணன் வேலியில் சாய்ந்து பல் தீட்டிக்கொண்டிருந்தார்.

"உப்புத்தண்ணி வத்திட்டோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

வந்தார். குழிக்குள் இறங்கிப் பிடியைப் பிடித்தவர் நிமிர்ந்து, "காக்கா, இந்தச் சீலைய அவுக்கட்டா?" என்று கேட்டார். வேலிக்குப் பின்னால் இருந்து ஸைனம்புவின் குரல் கேட்டது.

"வேணாம் அண்ணன். கை பொக்களிக்கும். அப்படியே பிடிங்க."

முதல் இழுவையிலேயே வாள் இறுகிவிட்டது. மச்சான் இழுத்தால் நேரே போகும். இவர் இழுத்தால் கோடு ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம். ஏசினேன். "நான் மரம் சாய்ச்சவன் காக்கா, கிழிச்சவன் இல்ல" என்று குழிக்குள் இருந்து சிரிக்கிறார். கண்ணெல்லாம் அரிதூள், அதோடு சிரிப்பு வேறு. அசர் தொழுகைக்கு முன்னால் ஒரே ஒரு பலகை விழுந்தது. கோணல் பலகை. அதை விற்க மாட்டேன்.

அந்தி மஃரிபுக்கு ஸைனம்பு வெள்ளை உடுத்து உள்ளே போனாள். சோறு மூடி வைத்த பீங்கானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். அதைப் பார்த்ததும் அழுதேன். மச்சான் போன பிறகு நான் அழுதது இன்றைக்குத்தான்.

ஜூலை 13, புதன்

இத்தா முடிந்தது. ஸைனம்பு நெசவுத் தறிக்குப் போகப் போகிறாளாம். போகட்டும்.

2009 மே 20, புதன்

எழுதி எவ்வளவு காலம். தெருவெல்லாம் வெடி கொளுத்துகிறார்கள், வடக்கில் சண்டை முடிந்துவிட்டதாம். நாலு வருஷமாகக் கீழ்ப்பிடி இழுக்கும் அழகரெத்தினம் அண்ணன் இன்று வேலைக்கு வரவில்லை. அவருடைய மகன் கிசோக் சமாதான காலத்தில் மேசன் வேலைக்கென்று கிளிநொச்சி போனவன். சண்டை தொடங்கிப் பாதை மூடியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். தை மாதத்திற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

அண்ணனும் மனைவி செல்லத்தங்கமும் வவுனியா அகதி முகாம்களில் தேடிவிட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை இல்லை. பார்க்கப் போனேன். செல்லத்தங்கம் மகனுக்கு வாங்கிய சேட்டு ஒன்றை மடித்து மடித்து வைக்கிறாள்.

திரும்பும்போது கூட வந்த ஜெமீல், "இனி எங்க? காரியத்தச் செய்து முடிக்கச் சொல்லுங்க" என்றான். அவன் மேல் பாய்ந்துவிட்டேன். அன்று ஸைனம்புவிடம் நான் கத்தியதும் இதே கதைதானே? ஆனால் கிசோக்கின் சாவுக்குச் சாட்சி யார்? எந்த அலையை யார் கண்டது?

ஜூன் 20, சனி

பலகைக்கு ஆட்கள் நெருக்குகிறார்கள். மரம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. அண்ணன் மறுபடி வவுனியாவுக்குப் போய்விட்டார்.

இன்று மாவடிப்பள்ளியில் இருந்து ஒருவர் வேலை கேட்டு வந்தார். நல்ல உடம்பு, கை காய்த்திருந்தது, தொழில் தெரிந்தவர். "கீழ நிக்க ஆள் இல்லயாமே காக்கா. நான் நிக்கன்" என்றார்.

"குழிக்குள்ள உப்புத்தண்ணி நிக்கிது" என்றேன்.

அவர் குழியை எட்டிப் பார்த்தார். குழி காய்ந்துதான் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

தறி வேலை முடிந்து வந்து வேலியடியில் நின்ற ஸைனம்பு, "ஓம், நிக்கிது" என்றாள்.