படத்தின் மூலையில் நிற்பவள்

இன்று காலை நல்ல மழை. ஈரம் பட்டதும் வகுப்புச் சுவரில் தொங்கும் நீ வரைந்த படத்திலிருந்து பழைய வார்னிஷ் வாசனை கிளம்பிவிட்டது. நான் குச்சியால் தசைகளைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், மூலையில சின்னதா ஒரு அம்மா நிக்கிறாங்களே, அது யாரு?" என்றாள். எட்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி. நேற்றுதான் உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. இன்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், நீ காறித் துப்பத்தான் போகிறாய்.

துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த உன்னை மருத்துவக் கல்லூரியில் பிணம் அறுக்கும் கூடத்துக்குக் கூட்டிவந்தவன் நான். எங்கள் பேராசிரியரிடம் நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியப் படங்கள் கொண்ட ஒரு புத்தகம் இருந்தது. தோல் உரித்த மனிதர்கள் அதில் படுத்துக் கிடக்கவில்லை, எழுந்து நின்றார்கள். பின்னால் குன்று, ஆறு, இடிந்த தூண். அறுத்தவனும் வரைந்தவனும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்று செய்த வேலை. அதேபோல் ஆள் உயரத்துக்கு ஒரு படம், பரீட்சை அதிகாரிகள் வருவதற்குள் சுவரில் தொங்க வேண்டும் என்றார் அவர். நன்றாக வந்தால் என்னைச் சீமைக்குப் படிக்க அனுப்பச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

நீ அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சிரித்தாய். "இன்னா டாக்டரே, தோல உரிச்ச அப்பாலயும் காத்து வாங்க வந்தவன் மாரி நின்னுகினு கீறான். யாரு இவன்?"

"தூக்குல போட்ட கைதியா இருக்கும். கேக்க நாதியில்லாதவன்."

"நாதியில்லன்னு யாரு சொன்னது? அறுத்தவனா?"

அன்றைக்கு அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் செத்து, சொன்ன கெடுவுக்குள் யாரும் கேட்டு வராத உடல் எங்கள் கூடத்துக்கு வரும். அதுதான் முறை. அப்படி வந்தான் ஒருத்தன், சரக்கு இறக்கும்போது விழுந்து பேச்சு வராமலே போனவன். என்ன உடம்பு அது! அறுப்பதற்கு முன்னால் ஆளை முழுசாக ஒரு தாளில் வரைந்துகொள்வது உன் பழக்கம். அவனையும் வரைந்தாய். வலது முன்கையில் பச்சை குத்தியிருந்த மீனையும், அதன் கீழே இருந்த பெயரையும் விடவில்லை. அந்தக் கையைப் பிரிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக நான் அறுத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள். எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள், கால் முழுக்கச் சேறு. நான் வாசலிலேயே மறித்தேன்.

"என் வூட்டுக்காரு சாமி. ஆர்பருக்கு வேலைக்கி வந்தவரு திரும்பல. ஆசுபத்திரில கேட்டா இங்க போயி பாருன்றாங்க. கைல மீனும் என் பேரும் பச்ச குத்திகீது. அஞ்சலைன்னு."

"அப்படி யாரும் இங்க வரல" என்றேன்.

உரித்துப் போட்ட உடம்பை அந்தப் பெண்ணுக்கு எப்படிக் காட்டுவது, இரக்கப்பட்டுத்தான் மறைத்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். அவனைக் கொடுத்தால் கை போய்விடும், கை போனால் படம் போய்விடும். அவ்வளவுதான்.

உள்ளே வந்தபோது உன் தூரிகை நின்றிருந்தது. ஜன்னல் வழியாக எல்லாம் உன் காதில் விழுந்திருக்கிறது.

"டாக்டரே, மொத நாளு நான் வரைஞ்சேனே. அஞ்சலைன்னு கீது."

"அந்தத் தோல் போச்சுப்பா. நீ படத்த முடி."

"தோலுதான் போச்சு. ஆளு கீறானே."

சொன்னாய். சொல்லிவிட்டுத் தூரிகையை மறுபடி எடுத்தாய். ஓடியிருந்தால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் அவளைப் பிடித்திருக்கலாம். உனக்கும் அந்தக் கை வேண்டியிருந்தது. இன்னும் நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு நாராக முடித்தாய். என்னை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த நாலு நாளுக்காக உன்னை மன்னிக்க மாட்டேன்.

படத்தில் குன்றும் தூணும் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை வரைந்தாய். மணல் ஓரத்தில், கட்டைவிரல் உயரத்தில், கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்க்கும் ஒருத்தி. "புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு" என்று பேராசிரியர் பூரித்துப்போனார். பிறகு சீமைக்குத் தன் மருமகனை அனுப்பினார். நீ அதற்குமேல் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மிச்சத்தை நேற்று உன் மனைவி சொன்னாள். படம் முடிந்த மறுநாள், நீ அந்த முதல் தாளை எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போயிருக்கிறாய். அதற்குள் அவனைக் கூடத்து ஆட்கள் எங்கோ புதைத்துவிட்டிருந்தார்கள். அந்தத் தாளையே புது வேட்டியில் சுற்றி, பாடையில் வைத்துக் குழியில் இறக்கினார்களாம்.

"மண்ணு போட்டப்புறம் அந்தப் பொம்பள, 'நான் வந்தப்ப நீ உள்ளதான் இருந்தியா?'ன்னு கேட்டுச்சாம். இது ஆமான்னுச்சாம். அன்னிலேந்து மனுசன் படமே போடல இது. கப்பலுக்கு நம்பரு எழுதுனதோட சரி."

எப்பேர்ப்பட்ட கை உன்னுடையது. அதை எட்டு வருடம் நம்பர் எழுத வைத்தவன் நான்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் இன்று வகுப்புக்குப் போனேன். இப்போதாவது பெயரைச் சொல்லியிருக்கலாம். அஞ்சலை, இவன் மனைவி, இவனைக் கேட்டு வந்தவள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"அளவு காட்டறதுக்காகப் போட்டதும்மா" என்றேன்.

முன்வரிசைப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். என் குச்சி மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, அந்த மீன் இருந்த இடத்தில் போய் நின்றது. எப்போதும் அங்கேதான் போய் நிற்கிறது. அங்கே இருக்கும் தசைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சரியாகச் சொன்னாள்.